தண்ணீர் ஊற்றக் கூடாத பாசி

குளத்தில் மிதப்பது பாசி. கிணற்றுச் சுவரில் படர்வது பாசி. கடல் பாறையில் ஒட்டிக்கொண்டு வழுக்கி விடுவது பாசி. கழுத்தில் கோத்துப் போடுகிற மணிக்கும் பாசி என்றுதான் பேர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் எங்கள் ஜனங்களுக்கு இந்த ஒரு சொல் போதும். எனக்கும் போதுமாகத்தான் இருந்தது. ஒரு வேலை கைக்கு எட்டி நழுவிப் போன பிறகுதான் போதவில்லை என்று தெரிந்தது.

அந்த வேலை எனக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவது வகுப்பை முடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எந்த இடத்திலும் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. கோவளம் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரினேன். பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளில் சவுக்குக் கட்டை ஏற்றினேன். முட்டுக்காட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் அரித்தேன். செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போதெல்லாம் சோடா விற்றேன். எங்கேயும் என்னைத் துரத்தவில்லை. காலையில் எழுந்திருக்கும்போது இந்த இடம் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. என் மனைவி மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் குப்பத்தை ஒட்டின தெருவில் பிறந்தவள். அவள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்குகிறவர். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் என் பின்னால் ஊர் ஊராக வந்தாள். கடைசியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு மழை நாளில், குடிசை ஒழுகிக்கொண்டிருந்தபோது, "கிளம்பலாம்" என்றேன். அவள் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"நீ கெளம்பு. நான் எங்கப்பன் வூட்டுக்குப் போறேன்."

"கூலி கெடைக்கிற எடத்துக்குத்தானே போறோம்?"

"கூலி இங்கயுந்தான் கீது. ஒனக்குத்தான் காலுல சக்கரம் கீது. எங்கனா ஒரே எடத்துல நில்லு. நின்னுட்டு வந்து கூப்புடு, வரேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு நான் மாமல்லபுரம் பக்கம் போகும்போதெல்லாம் மாமனார் வீட்டில் சோறு கிடைக்கும். அவள் பரிமாறுவாள், பேசுவாள், சிரிக்கவும் செய்வாள். கிளம்பும்போது வாசல் வரைக்கும்தான் வருவாள்.

அப்படி ஒரு தடவை போய்விட்டு வெறும் கையோடு கடற்கரைக் கோயில் பாறைகளில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கல்லூரி வாத்தியாரைப் பார்த்தேன். பட்டணத்தில் ஒரு கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். என்னைவிட வயதில் சிறியவர், மெலிந்த ஆள், பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு பையன்களுக்குப் பாறையில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். காட்டிக்கொண்டே வழுக்கி உட்கார்ந்தார். பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். நான் போய்த் தூக்கிவிட்டேன்.

"பாசி மேல கால வச்சா அப்படித்தான் சார்."

"பாசியப் பாக்கத்தாங்க வந்தோம்" என்றார், பின்னால் ஈரத்தைத் தடவிக்கொண்டு. "அது எங்களப் பாத்துடுச்சு."

இந்த மாதிரிப் பாசி வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தண்ணீரில் நின்று பிழைத்தவனுக்கு அதெல்லாம் தெரியாமல் இருக்காது. அடுத்த மாதத்திலிருந்து நான் அவருக்குப் பாசி கொண்டுபோகிற ஆள் ஆனேன். கடல் பாறையில் கிடைக்கிற இலைப்பாசி, கொளவாய் ஏரிக் கரையோரத்தில் கொத்துக் கொத்தாக வளர்கிற நூல்பாசி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் சேற்றோடு வருகிற பாசி. கொண்டுபோகிற விதம் சுலபம். ஒரு பழைய பிஸ்கட் டின். கடல் பாசிக்குக் கடல் தண்ணீர், ஏரிப் பாசிக்கு ஏரித் தண்ணீர். கழுத்து வரைக்கும் ஊற்றி மூடிவிட வேண்டும். பாசி வாடாது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

மாமல்லபுரத்தில் எடுத்தால் இரவு மாமனார் வீட்டில் தங்கிக் காலையில் பஸ் ஏறுவேன். டின்னில் தண்ணீர் குறைந்திருந்தால், கூட எடுத்துவந்த கடல் தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றிக்கொள்வேன். என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கல்லூரியில் புதிதாக ஒரு வேலை போடப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். செடி சேகரித்துக் கொடுத்து, தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிற ஆள். தோட்டத்துக் கொட்டகையை ஒட்டி ஓர் அறையும் உண்டு. வேலையின் பேரை இங்கிலீஷில் சொன்னார்: ஸ்பெசிமன் கலெக்டர்.

நான் அன்றே மாமல்லபுரம் போய்ச் சொன்னேன். முதல் பாதி யார் காதிலும் விழவில்லை.

"கலெக்டரா?" என்றார் மாமனார்.

"செடி கலெக்டர், மாமா."

"எந்தக் கலெக்டரா இருந்தா இன்னா, மாப்ள? கலெக்டரு கலெக்டருதானே?" தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்தி அவர் இதைச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ஒரு கிழவர் பட்டா விஷயமாக என்னைப் பார்க்க வந்தார்.

என் மனைவி சிரிக்கவில்லை. "எடம் எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பட்டணத்துல. காலேஜுத் தோட்டத்துலயே ரூம்பு."

"ஓடு போட்டதா, கூரையா?"

"ஓடு."

"வேல ஆவட்டும். வந்து சொல்லு."

வேலை ஆவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கல்லூரிக்கு வருஷா வருஷம் வெளியிலிருந்து ஒரு பெரிய வாத்தியார் வந்து பையன்களுக்குச் செய்முறைப் பரீட்சை வைப்பார். அந்த வருஷம் மேசையில் உயிரோடு செடிகளை வைத்துக் காட்ட வேண்டும், பாட்டிலில் ஊறப்போட்டதை அல்ல. வந்தவர் பார்த்து மெச்சினால் வேலைக்கு அனுமதி தருவதாகக் கல்லூரித் தலைவர் வாயால் சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது ஒன்றே ஒன்று. அதற்குப் பேர் ரிக்சியா.

வாத்தியார் படம் போட்டுக் காட்டினார். ஈர மண்ணில் தட்டையாக அப்பிக்கொண்டு எட்டணாக் காசு அகலத்துக்கு வட்டமாக வளரும். தண்டு கிடையாது, இலை கிடையாது. ஒரு பச்சை நாக்கு இரண்டாகப் பிரியும். பிரிந்தது மறுபடி இரண்டாகப் பிரியும். அடியில் மயிர் மாதிரி ஏதோ இருக்கும். அது வேர் இல்லை, வேர் மாதிரி.

"இதப் பாத்திருக்கேன் சார். இதுவும் பாசிதான்."

"இல்லீங்க. பாசி தண்ணியில இருக்கறது. இது தண்ணிய விட்டு வெளிய வந்தது. வந்ததுலயே ரொம்பப் பழைய கூட்டம்."

வகுப்பில் அவர் இதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார். நான் டின்னோடு ஜன்னலுக்கு வெளியே காத்திருக்கும்போது காதில் விழும். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இங்கிலீஷ் பாதி எனக்கு நஷ்டம். மீதியை வைத்து நான் புரிந்துகொண்டது இதுதான். ஆதியில் தரையில் செடி என்று ஒன்றுமே இல்லை. வெறும் பாறை, வெறும் மண். பச்சையாக இருந்ததெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. அங்கே அதற்குக் கவலை இல்லை. உடம்பு முழுவதாலும் குடிக்கலாம். நிமிர்ந்து நிற்க வேண்டியதில்லை, தண்ணீரே தாங்கும். ஆணும் பெண்ணும் சேர்வதற்கும் தண்ணீரே வழி. நீந்திப் போய்ச் சேரும். தரையில் வெளிச்சம் ஏராளம், இடம் ஏராளம். தண்ணீர்தான் இல்லை. அதனால் மேலே வந்தது முதலில் உடம்பு காயாமல் மெழுகு மாதிரி ஒரு தோல் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. போர்த்தினால் மூச்சு முட்டுகிறது. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வேண்டியிருந்தன. கீழேயிருந்து உறிஞ்ச வேர், உறிஞ்சியதை மேலே ஏற்றக் குழாய், நிமிர்ந்து நிற்கக் கட்டை, கடைசியில் காய்ந்து கிடந்தாலும் சாகாத விதை. இவ்வளவும் சேர்ந்தால்தான் ஒரு வேப்பமரம். இவ்வளவும் ஒரே நாளில் சேரவில்லை. நினைத்துப் பார்க்க முடியாத காலம் பிடித்தது.

ரிக்சியாவிடம் இதில் பாதிகூட இல்லை. தோல் மெல்லிசு. குழாய் கிடையாது. மழை பெய்து மேலே ஒரு படலம் தண்ணீர் நின்றால்தான் ஆண் அணு நீந்திப் பெண்ணிடம் போகும். தரைக்கு வந்தும் தண்ணீர் இல்லாமல் கல்யாணம் நடக்காது.

ஒரு நாள் பையன்கள் போன பிறகு கேட்டுவிட்டேன். "எதுக்கு சார் அது மேல வந்துச்சு? தண்ணிக்குள்ளயே சொகமா கெடந்திருக்கலாமே?"

"வரணும்னு எதுவும் வரலீங்க. கடல்லேர்ந்து நேரா ஏறல. ஆழமில்லாத குட்டை, ஓடை, அங்கதான். வெயில் காலத்துல குட்டை வத்தும். வத்தும்போது எல்லாம் செத்துடும். ஏதோ ஒண்ணு கொஞ்சம் காயறதத் தாங்கும். அது மிஞ்சும். மறுபடி வத்தும், மறுபடி தாங்கினது மிஞ்சும். அவ்வளவுதான்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஏதாவது ஒன்றாவது பிடிவாதமாகக் கிளம்பி வந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் டின்னைக் கையில் கொடுத்து, "இதுக்குத் தண்ணி ஊத்தாதீங்க, தெளிச்சாப் போதும். மண்ணோட பேத்து, ஈரத்துணி சுத்தி, மூடியில ஓட்டை போட்டுக் கொண்டாங்க" என்றார்.

மார்கழியிலோ தையிலோ சொல்லியிருந்தால் வண்டியில் அள்ளிக்கொண்டு வந்திருப்பேன். ஏரித் தண்ணீர் பின்வாங்கும்போது விடுகிற ஈர மண் முழுக்க அது இருக்கும். அவர் சொன்னது மாசி கடைசி. கொளவாய் ஏரிக் கரையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளின் ஓரத்தில் கறுத்துச் சுருண்ட ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதானா என்று சொல்வதற்கில்லை. தொட்டால் பொடிப்பொடியாகப் போயிற்று.

ஊர் ஊராகக் கேட்டேன். கேட்டதும் தப்பு, சொன்னதும் தப்பு. ரிக்சியா என்றால் யாருக்குத் தெரியும்? பாசி என்றுதான் கேட்டேன். ஒருவர் குளத்துக்கு அனுப்பினார். ஒருவர் கிணற்றில் இறங்கச் சொன்னார், இறங்கினேன், அங்கே பெரணி தொங்கியது, வேண்டியது இல்லை. ஒரு அம்மாள் தேர்த்திருவிழாக் கடையில் நல்ல பாசியாகக் கிடைக்கும், சிவப்பும் இருக்கும் என்றாள். செங்கல்பட்டு கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான மளிகைக்கடை பாய் ஒருவர் உண்டு. சோடா விற்ற காலத்திலிருந்து அவர் கடைக்குப் பின்னால்தான் படுப்பேன். அவரிடம் போய்ச் சலித்துக்கொண்டேன்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

"பாசி கெடைக்கல, பாய்."

"இதுக்கா பேஜாரு? நோன்பு வருதுன்னு இப்பத்தான் மூட்டையே எறக்கினேன்." உள்ளே போய் வெள்ளை வெளேரென்று நார் நாராக ஒரு கட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நோன்பு திறக்கும்போது பாலில் காய்ச்சி உறையவைத்துச் சாப்பிடுகிற கடல்பாசி.

"இது செத்துப்போனது பாய். எனக்கு உசுரோட வேணும்."

"உசுரோட துன்னுவியா? இன்னா ஆளுய்யா நீ?"

பிறகு கடற்கரை வழியாகத் தெற்கே நடந்தேன். மணலில் அடப்பங்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு, தடித்த இலையோடு வெயிலில் கிடந்தது. ராவணன் மீசைப் புல் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு நின்றது. சவுக்குத் தோப்பில் இலை என்று சொல்ல ஒன்றுமில்லாமல் வெறும் குச்சிகளே காற்றில் சீறிக்கொண்டிருந்தன. உப்புக் காற்று, கொதிக்கிற மணல், எதுவும் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் தரையை ஜெயித்துவிட்டவை. மற்ற நாளாக இருந்தால் வேடிக்கை பார்த்திருப்பேன். அன்று அவற்றைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. எனக்கு வேண்டியது ஜெயிக்காத ஒன்று; அது எங்கேயும் இல்லை.

கிடைத்தது மாமல்லபுரத்திலேயே. குன்றின் வடக்குப் பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே வெயிலே விழாத ஒரு சந்து. மேலே சுனையிலிருந்து கசிகிற நீர் பாறை வழியாக இறங்கி அந்தச் சந்து மண்ணை நனைத்துக்கொண்டிருந்தது. ஆடு தேடிப் போன யாரோ மிதித்த தடத்துக்குள் காசு காசாகப் பச்சை. குனிந்து பார்த்தேன். நாக்கு இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தது மறுபடி இரண்டாகப் பிரிந்தது. மண்டியிட்டபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். வாத்தியார் சொன்ன மாதிரியே மண்ணோடு பெயர்த்து, துண்டைக் கிழித்து நனைத்துச் சுற்றி, டின்னில் வைத்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். மறுநாள் பரீட்சை.

அன்றிரவு மாமனார் வீட்டில் தங்கினேன். என் மனைவி டின்னைத் திறந்து பார்த்தாள்.

"இதுக்குத்தான் அந்த ஓட்டு ரூம்பா?"

"இதுக்குத்தான்."

"இன்னாது இது?"

"பாசி" என்றேன்.

நாள் முழுக்க நடந்தவன், சோறு உள்ளே போனதும் தூங்கிவிட்டேன். காலையில் அவள் எனக்கு முன்பே எழுந்து கட்டுச்சோறு கட்டி, சொம்பில் நீராகாரம் ஊற்றி வாய்க்குத் துணி கட்டி, டின்னையும் எல்லாவற்றையும் ஒரே பையில் நிற்கவைத்துக் கொடுத்தாள். முதல் தடவையாக பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தாள். பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். "ஆட்டாத எடுத்துகினு போ" என்றாள். பஸ்ஸில் ஏறி மடியில் வைத்தபோது கனமாக இருந்தது. சோறு அதிகம் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு சந்தோஷமாகக்கூட இருந்தது.

கல்லூரியில் மேசைகளுக்கு வெள்ளைத்தாள் விரித்திருந்தார்கள். வெளியூர்ப் பெரிய வாத்தியார் கோட்டு போட்டுக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் வாத்தியார் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, டின்னை வாங்கி, எல்லோருக்கும் முன்னால் மூடியைத் திறந்தார்.

டின் முழுக்கச் சேற்றுத் தண்ணீர். மூடியில் நான் போட்ட ஓட்டைகளைப் பிசைந்த சோற்றால் அடைத்திருந்தது. வழியில் சிந்தக் கூடாதென்று. மண் கரைந்து, பச்சையெல்லாம் பிய்ந்து, பஸ் சூட்டிலும் ரயில் சூட்டிலும் வெந்து கஞ்சியாகியிருந்தது. மேலே இரண்டு சோற்றுப் பருக்கை மிதந்தது.

பெரிய வாத்தியார் எட்டிப் பார்த்தார். "இது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது?" என்று கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். எங்கள் வாத்தியார் விரலைவிட்டுக் கலக்கிப் பார்த்தார். ஒரு முழுத் துண்டாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "தண்ணி ஊத்தாதீங்கன்னு சொன்னேனே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் ஊற்றவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யார் ஊற்றியது என்று கேட்பார்கள். கோட்டு போட்டவர் முன்னால் என் பெண்டாட்டியின் பேச்சை எடுக்க எனக்கு மனமில்லை.

அந்த வாரமே முடிவு தெரிந்துவிட்டது. இனிமேல் எல்லாவற்றையும் பாட்டிலில் ஊறினதாக வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம், ஆள் போடத் தேவையில்லை என்று தலைவர் சொல்லிவிட்டாராம். வாத்தியார் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வேலையே அப்போது நிரந்தரமாகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மாமல்லபுரம் போய் இறங்கி நேராக வீட்டுக்கு நடந்தேன். அவள் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அதுல தண்ணி ஊத்துனது?"

"நாந்தான். காஞ்சு கெடந்துச்சு. இன்னா?"

"செத்துப்போச்சு. வேலயும் போச்சு."

அவள் கை நின்றது. "தண்ணி ஊத்துனா சாவுமா?"

"சாவும். அது தரையில இருக்கறது. தண்ணிய விட்டு வந்து எத்தினியோ காலமாச்சு. மறுபடி தண்ணிக்குள்ள போட்டா மூச்சு முட்டி அழுகிடும்."

"பாசி தண்ணியில மூச்சு முட்டிச் சாவும்னு ஒலகத்துல எவனாச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா?"

"அது பாசி இல்ல!"

"பாசின்னு சொன்னது யாரு?"

நான் குனிந்து, சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கினேன்.

"யாரு சொன்னது? நானா? இம்மாம் நாளா இந்த வூட்ல சொம்பு சொம்பா அந்த டின்னுல ஊத்துனது யாரு? நானா?" புளியை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். "அதுக்கு வேற பேரு இருந்தா அதச் சொல்லியிருக்கணும். இன்னா பேரு?"

"ரிக்சியா."

"ரிக்சாவா?"

"ரிக்சியா."

"சரி, ரிக்சான்னே சொல்லியிருந்தாலும் நான் தண்ணி ஊத்தியிருக்க மாட்டேனே! ரிக்சாவுல யாருனா தண்ணி ஊத்துவாங்களா?"

உள்ளேயிருந்து மாமனார் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு இருமுகிற மாதிரி மாற்றினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "தெளிச்சாப் போதும்னு வாத்தியார் சொன்னாரு" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"ஒன்னத்தான் தண்ணி தெளிச்சு வுட்டுட சொல்லி எங்கப்பன் சொல்லிகினே கீது. நான்தான் கேக்கல."

"நான் அப்பிடிச் சொல்லல மாப்ள" என்றார் மாமனார் உள்ளேயிருந்தே.

"சொன்ன. பொங்கலப்போ சொன்ன."

"பொங்கலப்போ எல்லாருந்தான் எதுனா சொல்லுவாங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஓட்டு வீட்டில் எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்று அவள் மனசில் எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை அக்கறையாக ஊற்றி, ஓட்டையைச் சோறு வைத்து அடைத்து, பை ஆடாமல் பஸ் வரைக்கும் சுமந்து வந்தவள். அவளிடம் கத்திக்கொண்டு நிற்கிறோமே என்று இருந்தது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. யாரும் தப்புச் செய்யாமல் ஒரு காரியம் கெட்டுப்போனால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

"இப்பவே என்கூட வந்துடு" என்றேன். "வேலயா இல்ல? எங்கனா பாத்துக்கலாம்."

"வரேன்" என்றாள் உடனே. "எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் அவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று நினைக்கவில்லை.

"எங்க வரணும், சொல்லு. ஊரு பேரச் சொல்லு. வூடு ஓடா கூரையான்னுகூடக் கேக்கல. ஊரு பேரு மட்டும் சொல்லு, சட்டிய எடுத்துகினு வரேன்."

முட்டுக்காடு என்று சொல்லலாம் என்று தோன்றியது. கிளிஞ்சல் அரிக்கிற இடத்தில் அவளை எங்கே வைப்பேன்? செங்கல்பட்டு என்றால் பாய் கடையின் பின்பக்கம். அங்கே நான் படுக்கலாம், அவள் எப்படி? உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. அது எத்தனை நாளைக்கு? ஒவ்வொரு ஊரின் பேரும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒவ்வொன்றிலும் எந்த மாதம் நான் கிளம்பிவிடுவேன் என்பதும் கூடவே வந்தது.

அவள் காத்திருந்தாள். மாமனார் வாசலுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அவரும் காத்திருந்தார். கடைசி பஸ் திரும்பி வருகிற ஹாரன் சத்தம் கேட்டது.

"யோசிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"சொல்லு" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த வருஷம் நான் சொல்லவில்லை.